இன்னிக்கும் நிக்கல

பதினோரு வருடமாக என் கணவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை ஒன்றுதான். சைக்கிளைச் சுவரில் சாத்துவார். காலைக் கழுவுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கும் நிக்கல" என்பார். நான் "ம்" என்பேன். பிறகு டீ கொடுப்பேன்.

நிற்காதது எங்கள் கிணற்று மேட்டில் ஓடிய ஒரு என்ஜின். அதே என்ஜின் ஒரு முறை ஆகாயத்தில் நின்றது. அது நின்றபோது நானும் அவரும் அதற்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏன் நின்றது என்று அத்தனை வருடமும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது நைனார்பாளையம் பஸ்ஸில் தினமும் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். சில்லறை தராத கண்டக்டர், சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தவன், யாரையும் விட்டதில்லை. "தப்பு பண்ணவன் எழுந்து நில்லுடா" என்று வகுப்பில் ஒரு அதட்டல் போட்டால் பண்ணாதவன்கூட எழுந்து நிற்பான். அப்படிப்பட்ட வாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் திறக்கவில்லை.

அவர் விமானப்படையில் பதினைந்து வருடம் என்ஜின் ஃபிட்டராக இருந்தார். திரும்பி வந்து கள்ளக்குறிச்சியில், தியாகதுருகம் போகிற ரோட்டில் ஒரு பட்டறை போட்டார். பம்ப்செட், டிராக்டர், கார், எது வந்தாலும் பார்ப்பார். மற்றவர்கள் கையில் நாலு காசு சேர்ந்தால் மனை வாங்குவார்கள். இவர் அலுமினியக் குழாய் வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஆறு வருடம், தானே ஒரு விமானத்தைக் கட்டினார். இரண்டு பேர் உட்காரலாம். உடைத்துப்போட்ட ஒரு சின்னக் காரின் என்ஜின், துணி போர்த்திய இறக்கை, மரத்தில் அவரே செதுக்கிய காற்றாடி. அனுமதிக் காகிதத்துக்கு அலைந்த அலைச்சலைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது. விடுங்கள்.

ஊரில் அதற்குக் கோழி என்று பேர். பால் ஊற்றுகிறவர் முதற்கொண்டு, "இன்னா சார், ஒங்க கோழி எப்ப பறக்கும்?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "பறக்கும்போது ஒன் தலையில எச்சம் போடும், அண்ணாந்து பாத்துக்கினு இரு" என்பேன்.

பறந்தது. கோடையில் ஏரி காய்ந்து கிடந்தபோது அதன் நடுவில் முள்ளை வெட்டிச் சமன் செய்து, அங்கிருந்து அவர் தனியாகப் பத்துப் பன்னிரண்டு முறை பறந்தார். அரைமணி, முக்கால்மணி சுற்றிவிட்டு இறங்குவார். என்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. கோழி என்றவர்களெல்லாம் ஏரிக்கரையில் நின்று விசில் அடித்தார்கள்.

பிறகு என் முறை வந்தது. எனக்கு முதன்முதலில் வேலை போட்டது கல்வராயன் மலையில் ஒரு ஓராசிரியர் பள்ளிக்கூடத்தில். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அப்புறம் மேலே ஏற வேண்டும், திங்கட்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமை இறங்குவேன். கல்யாணமான புதிதில் விடுப்பில் வந்த இவரிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். "ஒரு நாளு மேல இருந்து காட்றேன், டீச்சரம்மா. கால் வலிக்காம பாத்துக்க" என்று அப்போது சொன்னார். எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவர் மறக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம ஒன் பள்ளிக்கூடத்த பாக்கப் போறோம்" என்றார்.

"பூசை போடாத வண்டியில நான் ஏற மாட்டேன்."

"இது வண்டி இல்லம்மே. ஏரோப்ளேன்."

"சக்கரம் இருக்குதுல்ல? அப்ப வண்டிதான்."

எங்கள் பக்கத்தில் புது மிக்சிக்குக்கூடப் பொட்டு வைக்காமல் சட்னி அரைக்க மாட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் பூசை போட்டேன். மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கிண்ணத்தோடு ஒரு சுற்று வந்தேன். காற்றாடிக்கு, இறக்கை இரண்டின் முனைக்கு, வாலுக்கு, சீட்டுக்கு. சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் டாங்கி இருந்தது. அதன் மூடியைப் பித்தளையில் அவரே கடைந்து செய்திருந்தார். மூடியின் நடுவில் ஒரு சின்னக் குழி. பொட்டு வைக்கவென்றே விட்டது போல இருந்தது. கட்டைவிரலால் சந்தனத்தை அதில் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். எல்லாவற்றிலும் அதுதான் அழகாக அமைந்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏரியில் அவர் வழக்கம்போல ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அட்டையில் வரிசையாக எழுதியிருக்கும். பார்த்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுவார். டாங்கி மூடிக்கு வந்ததும், இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அந்தப் பொட்டை அழுத்தித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோடு போட்டார். அடுத்ததற்குப் போனார்.

மேலே போனதும் ஊர் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தியாகதுருகம் மலைக்கோட்டை பின்னால் போயிற்று. கள்ளக்குறிச்சி கைக்கு அடங்குகிற மாதிரி கிடந்தது. கரும்பும் மரவள்ளியும் பச்சையாக, மற்றதெல்லாம் செம்மண். சத்தத்தில் பேச முடியாது. அவர் கையால் முன்னால் காட்டினார். கோமுகி அணையின் தண்ணீர் தெரிந்தது, அதற்குப் பின்னால் மலை. அந்த மலையை நான் எப்போதும் கீழேயிருந்து, கோபத்தோடுதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது என் கண்ணுக்கு நேராக இருந்தது. என் பள்ளிக்கூடம் எந்த மடிப்பில் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

என்ஜின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமவில்லை. நின்றுவிட்டது.

காற்றாடி எங்களுக்கு முன்னால் குறுக்கே நின்றது. காற்று மட்டும் உஷ்ஷென்று போனது. அவர் ஏதேதோ சுவிட்சைப் போட்டார். ஸ்டார்ட்டர் இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தது. பிடிக்கவில்லை. "பேசாத" என்றார். நான் பேசவே இல்லை. விமானத்தின் மூக்கைக் கீழே இறக்கினார். மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து எங்கள் பின்னால் போனது.

பயந்தீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை. பயம் வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. முழு ஆண்டுத் தேர்வுத் தாள் நாற்பத்திரண்டு, திருத்தாமல் மேசைமேல் கிடக்கிறதே என்று நினைத்தேன். நான் செத்தால் அதை எந்த டீச்சர் தலையில் கட்டுவார்கள் என்று யோசித்தேன். நாலாம் வகுப்பு டீச்சர்தான், பாவம், என்று ஒரு முடிவுக்கும் வந்தேன். கை மடியில் இருந்தது. அது என் கை என்றே தோன்றவில்லை.

"மல்லாட்ட கொல்லையில எறக்கறேன். பெல்ட்ட இறுக்கு. கால தூக்கிக்க" என்றார். குரல் பட்டறையில் ஸ்பேனர் கேட்கிற குரல் போல இருந்தது. நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கொல்லை நேரே வந்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் குனிந்த முதுகோடு தெரிந்தார்கள். பிறகு நிமிர்ந்தார்கள். பிறகு ஓடினார்கள். ஒரு வேப்பமரத்துக்கு மேலே தப்பி, தரையைத் தொட்டோம். ஒரு குதி, இன்னொரு குதி. இடதுபக்கச் சக்கரம் பிய்த்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் உருண்டு போனதைப் பார்த்தேன். மூக்கு மண்ணில் குத்தியது. காற்றாடி முறிந்தது. வால் தூக்கி, தொப்பென்று திரும்ப விழுந்தது. அவ்வளவுதான். புழுதி மட்டும் ரொம்ப நேரம் அடங்கவில்லை.

"கை கால ஆட்டு" என்றார். ஆட்டினேன். "வலிக்குதா?" இல்லை என்றேன். அவர் இறங்கி இரண்டு அடி வைத்தார், கணுக்கால் மடங்கியது. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "பெட்ரோல் இருக்குதா பாரு" என்றார்.

சீட்டுக்குப் பின்னால் திரும்பி மூடியைத் திருகினேன். கழன்றதும் உஸ்ஸென்று ஒரு சத்தம், காற்றை உள்ளே உறிஞ்சியது. டாங்கியின் பக்கத் தகடு உள்ளே ஒடுங்கியிருந்தது, டபக்கென்று வெளியே வந்தது. எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் தளும்பியது. பிறகு கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். சந்தனம் ராத்திரி காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அதற்கு அடியில், குழியின் நடுவில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது, உள்ளே காற்றுப் போக எதிரில் இன்னொரு ஓட்டை போட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புக்கு வருடா வருடம் டின்னை வைத்துச் செய்து காட்டியவள் நான். யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தேன். மூடியை முந்தானையால் துடைத்தேன். திரும்பப் போட்டு இறுக்கினேன். இதையெல்லாம் கை தானாகச் செய்தது.

"இருக்குதா?" என்றார்.

"இருக்குது."

"எவ்ளோ?"

"பாதிக்கு மேல."

அவர் முகம் விழுந்துவிட்டது. தீர்ந்துபோயிருந்தால் அது ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அதற்குள் பெண்கள் திரும்பி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். உஸ்ஸென்ற சத்தமும் டபக்கென்ற சத்தமும் அவர்கள் போட்ட கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. ஒரு அம்மா என்னைக் கக்கத்தில் கைகொடுத்து இறக்கினாள். "ஏம்மா, புருசங்கூட சண்டைன்னா அம்மா வூட்டுக்குப் போவாங்க. நீ இன்னாம்மா வானத்துல ஏறிப் போய்க்கினு கீற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனாம். இன்னொருத்தி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒரு கை பச்சை மல்லாட்டையை மடியில் கொட்டினாள். உரித்து உரித்துத் தின்றேன். ருசி தெரியவில்லை. மண்ணோடு தின்றிருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தபோதுதான் தெரிந்தது.

விமானம் டிராக்டர் டிரெய்லரில் வீட்டுக்கு வந்தது. கட்டுப்போட்ட காலோடு அவர் மறுவாரமே என்ஜினை ஸ்டாண்டில் ஏற்றினார். முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கெட்டுப்போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். கார்புரேட்டர், ஃபில்டர், காயில், ஒயர். எல்லாம் சரியாக இருந்தன. மாட்டினார். திரும்பப் பிரித்தார். அந்த வருடம் நான்கு முறை பிரித்தார்.

விசாரிக்க மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், அதட்டாமல் பேசினார். ஒரு படிவம் இருந்தது, அதில் காரணம் என்று ஒரு கட்டம். "எதனா சந்தேகமாச்சும் சொல்லுங்க, எழுதிக்கிறேன். சரிபண்ணிட்டு மறுபடி ஓட்டலாம்" என்றார். இவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். சொல்ல வாயெடுத்தவள் டம்ளரை அதிகாரி பக்கம் நீட்டினேன். கடைசியில் இவர் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி போன பிறகு இவர் என்னிடம் சொன்னார்: "சர்வீஸ்ல ஒரு பாடம் உண்டு, டீச்சரம்மா. காரணம் தெரியாம நின்ன என்ஜின நம்பி மேல போவக் கூடாது. எதால நின்னுச்சின்னு தெரியற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. முதலில் வாயை அடைத்தது வெட்கம்தான், என் பொட்டு அல்லவா. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அது வெட்கம் இல்லை. நான் சொன்னால் அவர் மூடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே போவார். சொல்லாவிட்டால் தரையில் இருப்பார். கணக்கு அவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தால் போதும், காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். காரணம் தெரியாமல் ஒரு மனுஷன் எப்படி இருப்பான் என்று நினைக்கவில்லை.

அவர் அந்த என்ஜினை விற்கவில்லை. தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தில், கிணற்று மேட்டில் கொண்டுபோய் வைத்து, பெல்ட் மாட்டிப் பம்பை ஓட்டினார். கரண்டு மோட்டார் ஏற்கெனவே இருந்தது. "பெட்ரோல் ஊத்தி கேவுரு வெளைக்கிற ஒரே சம்சாரி நீங்கதான் சார்" என்று பக்கத்து நிலத்துக்காரர் கேலி செய்தார். இவர் தண்ணீருக்காக ஓட்டவில்லை. அது மறுபடி ஒரு தடவை நிற்க வேண்டும், நிற்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்காக ஓட்டினார். விமானத்தில் இருந்த அதே டாங்கி, அதே குழாய், அதே மூடி. "எதனா ஒண்ண மாத்திட்டா, அப்பால எதால நின்னுச்சின்னு எப்பிடி தெரியும்?" என்பார். ஓட்டை திறந்திருந்தது. அது எப்படி நிற்கும்? மழை இல்லாத நாளெல்லாம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்பார். பிறகு வீட்டுக்கு வந்து சொல்வார்.

"இன்னிக்கும் நிக்கல."

"ம்."

பட்டறையில் கார், வேன், பைக் எடுப்பதை நிறுத்தினார். பம்ப்செட் மட்டும்தான். "பம்பு நின்னா தண்ணி நிக்கும், அவ்ளோதான்" என்றார். தெரிந்தவர்கள் வற்புறுத்தினால், "என் கையில எங்கியோ தப்பு கீது. எங்கன்னு தெரியல" என்பார். கேட்பவர்கள் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். கொட்டகையில் இறக்கைத் துணியை எலி தின்றது. எனக்கு எதுவும் தோன்றாது. காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். ரிடையர் ஆனேன். அவர் கண்ணில் புரை வந்தது, சர்க்கரை வந்தது. இனி எந்த டாக்டரும் அவருக்குப் பறக்கக் கையெழுத்துப் போட மாட்டார் என்று ஆனது. அப்போதும் நான் சொல்லவில்லை. பழகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் என் ஸ்கூட்டருக்கு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. "கொஞ்சம் இறுக்கிக் குடுங்க, பேங்குக்குப் போவணும்" என்றேன். அவர் எழுந்து வந்தார். ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தினார். ஸ்பேனரைப் பிரேக்கில் வைத்தார். திருகவில்லை. பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"முக்குல ஒரு மெக்கானிக் கீறான். அவங்கிட்ட காட்டு. நீ ஏறிப் போற வண்டி. என் கைய நம்பாத."

எனக்கு யார்மீது என்று தெரியாமல் கோபம் வந்தது. "ஒங்க கையில ஒரு மயிரும் தப்பு இல்ல" என்று கத்தினேன். அவர் முன்னால் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பொட்டு, குழி, உஸ், டபக், ஊக்கு, முந்தானை. ஒன்றையும் விடவில்லை.

அவர் குந்திய இடத்திலேயே இருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கடைசியில், "வூட்ல சந்தனம் கீதா?" என்றார்.

சந்தனப் பொடியையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன். அவர் சைக்கிளிலும் நான் பிரேக் பிடிக்காத ஸ்கூட்டரில் மெதுவாகப் பின்னாலும் நிலத்துக்குப் போனோம். அவர் டாங்கியில் பெட்ரோலை அன்றைக்கு இருந்த அளவுக்கு ஊற்றினார். அந்த அளவு அவருக்கு ஞாபகம் இருந்தது. "நீயே வெய்யி. அன்னிக்கு வெச்ச மாரியே வெய்யி" என்றார். கெட்டியாகக் குழைத்து, கட்டைவிரலால் குழியில் அழுத்தினேன். வெயில் நன்றாக இருந்தது. காயும்வரை இரண்டு பேரும் பூவரச நிழலில் உட்கார்ந்திருந்தோம். காய்ந்ததும் அவர் வந்து இரண்டு விரலால் அதைத் தொட்டு அழுத்தினார். பிறகு விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ஜினைப் போட்டார். பம்பு தண்ணீரை இழுத்துக் கொட்டியது. கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. எப்போதும்போல ஓடியது. நான் சொன்னது பொய்யாகிவிடுமோ என்று நினைத்தேன். டாங்கியின் தகடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒடுங்கியது. பதினாறாவது நிமிடத்தில் என்ஜின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமவில்லை.

குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கு வராத பயம். தரையில் நின்றுகொண்டே விழப் போகிறேன் என்று வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். விழுந்துகொண்டேதான் இருந்தேன். அந்த வேப்பமரம் மேலே வந்துகொண்டேயிருந்தது.

அவர் போய் மூடியைத் திருகினார். உஸ். டபக். அவருக்கு இப்போது கேட்டது. மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைக்கவில்லை.

"என் கை இல்ல" என்றார். மூடியைத் திருப்பிப் பார்த்து, "அந்த ஓட்டயப் போட்டதே நான்தான், டீச்சரம்மா. நானே அன்னிக்குத் தொட்டுக் கும்பிட்டேன். பொட்டத்தான் பாத்தேன், ஓட்டயப் பாக்கல" என்றார்.

"ம்."

"நீ கொல்லையிலயே பாத்துட்ட."

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க திரும்ப மேல போவீங்க."

யோசித்தார். "போயிருப்பேன்" என்றார். "மறுநாளே போயிருப்பேன்." பிறகு மலைப் பக்கம் திரும்பி நின்றார். அந்தத் தூரத்துக்கு அவருக்குக் கண் தெரியாது என்று எனக்குத் தெரியும். என் புடவையிலிருந்து ஊக்கைக் கேட்டு வாங்கி, ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார். என்ஜினைத் திரும்பப் போட்டு, பாதியில் நின்ற பாத்திக்குத் தண்ணீர் பாயும்வரை ஓட்டினார். அவரே கையால் நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே என் ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தினார். தடவித் தடவித்தான் செய்தார், அரைமணி நேரம் ஆனது. "ஓட்டிப் பாரு" என்றார். தெருமுனை வரைக்கும் போய்ப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தது.

திரும்பி வந்தபோது அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நான் "ம்" என்றேன். பிறகு டீ கொடுத்தேன்.